மாடியில இருந்த அண்ணன்

அந்தப் பையை மடியில வச்சுக்கோங்கம்மா, நான் உக்காந்துக்கிடுறேன். சாத்தூர் வரைக்கும்தான். அரை மணி நேரம் உங்களுக்குத் தொந்தரவு, அதுக்கு மேல கெடையாது. கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சா... சரி, விடுங்க. தப்பா நெனைக்காதீங்க, தொழில் அப்படி. பல் டாக்டர் ஆளைப் பாத்தா பல்லைப் பாப்பாரு, நான் கழுத்தைப் பாப்பேன். உங்க சங்கிலி சுடிதாருக்குள்ள போயிருச்சு, அதான் தெரியல.

கோவில்பட்டியில தரகர் செண்பகம்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு பூக்காரிகூட வீட்டைக் காட்டுவா. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். நான் பொய் சொல்லிக் கல்யாணம் முடிச்சதா ஒருத்தர் சொல்ல முடியாது. பொய் சொல்றதில்ல, பொருத்தமாச் சொல்லுவேன். பையன் குடிப்பான்னு வைங்க, "ஃபிரெண்ட்ஸுக ஜாஸ்தி"ம்பேன். வேலை வெட்டி இல்லையா, "சொந்தமா ஒண்ணு பண்ணப் போறாரு". பொண்ணு சண்டைக்காரியா, "மனசுல எதையும் வச்சுக்க மாட்டா". இதுல பொய் எங்க இருக்கு, சொல்லுங்க.

அப்பேர்ப்பட்டவகூட ஒருத்தி மூணு மாசம் பேசாம இருந்தாம்மா. கோமதின்னு பேரு. எங்க தெருதான், நாலு வீடு தள்ளி. முப்பது வருஷச் சிநேகிதம். இத்தனைக்கும் அவ மகளுக்கு நல்ல எடத்துல முடிச்சுக் கொடுத்ததே நான். நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

கோமதி வீட்டுக்காரரு சங்கரபாண்டியன், ஈ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு. கரண்ட்டோட பழகிப் பழகி மனுஷன் பேச்சையே கொறைச்சுட்டாரு. எதுக்கும் "ம்". பொண்ணு மதிவதனி, இருபத்தேழு வயசு, மருந்துக் கடையில பார்மசிஸ்ட். லட்சணமா இருப்பா, மனசுல எதையும் வச்சுக்க மாட்டா. இல்ல இல்ல, இது நெசமாவே.

மூத்தவன் ஒருத்தன், திருமேனி. முப்பது வயசு. அவன்... எப்படிச் சொல்றது. நல்ல பையன். கடலைமிட்டாய்க் கம்பெனியில பேக்கிங் பாக்கான். ஓரம் ஒடஞ்ச மிட்டாய் ஒண்ணு அவன் கையத் தாண்டி டப்பாவுக்குள்ள போவாது. மொதலாளியே சொல்லுவாரு. ஆனா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டான். பேசுனா நாலே வார்த்தை. குக்கர் விசிலடிச்சாக் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான். அதுக்கு மதிதான் பெரிய ஹெட்போன் ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கா. பாட்டுக் கேக்க இல்லம்மா, எதுவும் கேக்காம இருக்க.

சின்னதுல அவனுக்குப் பேச்சே வரல. எட்டு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை கெடையாது. மந்தம்னாக, மூளை வளர்ச்சி இல்லைன்னாக. மந்திரிச்சாக, தேன்ல வசம்பு ஒரசி நாக்குல தடவுனாக. ஒரு பள்ளிக்கூடத்துல ஒரே நாள்ல திருப்பி அனுப்பிட்டாக. வளந்தப்புறம் நான்கூடச் சொன்னேன், "ஒரு கால்கட்டுப் போட்டுப் பாரு கோமதி, சரியாயிருவான்"னு. என்னால ஆன யோசனையெல்லாம் சொல்லித்தான் இருக்கேன்.

சாத்தூர்ல ஒரு வரன். பையன் நாயகம், வேளாண்மை ஆபீஸர். அம்மா தமயந்தி டீச்சர், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். அப்பா இல்ல. கூடவே அக்கா வைதேகியும், அவ மக நிலானியும் இருக்காக. புள்ளைக்கு ஏழு வயசு. அக்கா வீட்டுக்காரரு துபாய்ல. ஜாதகம் எட்டுப் பொருத்தம். நான் ரெண்டு வீட்டுக்கும் நடையா நடந்தேன்.

சாத்தூர்க்காரம்மா மொத நாளே என்னைத் தனியாக் கூப்பிட்டு, "பேத்திக்கு ஆட்டிசம், அதை எப்ப சொல்றது"ன்னு கேட்டாக. நான் அது ஏதோ ஆஸ்துமா மாதிரின்னு நெனச்சேன். அப்புறம் புள்ளையப் பாத்தேன். கூப்பிட்டாத் திரும்பல, ஜன்னல் கம்பிய எண்ணிக்கிட்டே நின்னா. "இப்ப எதுக்கு டீச்சர் சொல்லிக்கிட்டு, பொண்ணு பாக்கப் போறப்ப புள்ளையக் கூட்டிட்டு வராதீக, கோமதி வீட்டுல ஒரு மாதிரி ஆளுக"ன்னுட்டேன். இங்க வந்து கோமதிகிட்ட, "திருமேனியக் கண்ணுல காட்டாதே, சாத்தூர்க்காரக படிச்ச குடும்பம், ரொம்பப் பாப்பாக"ன்னேன்.

என்னம்மா சிரிக்கீக? ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே, சொல்லியிருந்தா ஈசியா முடிஞ்சிருக்குமேங்கீகளா? எல்லாரும் இதத்தான் கேக்காக. எனக்கு எப்படித் தெரியும்? இங்க மந்தம்னாக, அங்க ஆட்டிசம்னாக. பேரு வேற வேறயால்ல இருந்துச்சு! 

பொண்ணு பாக்குறது ஒரு ஞாயித்துக்கெழம, காலையில பத்தரைக்கு. மதி மொதல்லயே சொல்லிட்டா, "அண்ணன் கூட இருந்தாத்தான் நான் காப்பித் தட்டைத் தூக்குவேன்"னு. கோமதிக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் சொன்னேன், "நீ தலையாட்டு, மத்ததை நான் பாத்துக்கிடுறேன்".

சனிக்கெழமையே திருமேனிகிட்டப் போனேன். "தம்பி, நாளைக்குக் கம்பெனியில அவசர ஆர்டராம், மொதலாளி கூப்பிட்டாரு."

"ஞாயித்துக்கெழம லீவு."

"இந்த ஒரு நாளுதான்ப்பா."

"ஞாயித்துக்கெழம லீவு."

"எட்டயபுரம் பெரியம்மா வீட்டுக்குப் போவமா, காருல?"

"ஞாயித்துக்கெழம வீட்டுல."

கலெக்டரையே பேசிக் கரைச்சவ நான். இவன்கிட்ட நடக்கல. கடைசியில கோமதி அழாத கொறையாச் சொல்லி, சாயங்காலம் வரைக்கும் மாடி ரூம்ல இருக்க ஒத்துக்கிட்டான். மதிகிட்ட, "அண்ணனுக்குத் தலைவலி, தூங்குறான், அவுக வந்ததும் எழுப்பிரலாம்"னோம்.

வந்தாக. டீச்சரம்மா, மாப்பிள்ளை, அவரோட தாய்மாமா. அவ்வளவுதான். அக்கா வரலையான்னு கேட்டா, "காய்ச்சல்"னாக. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. மதி வந்து காப்பி கொடுத்தா. மாப்பிள்ளை தலை நிமிந்து பாத்தாரு. அந்தப் பார்வையப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, காரியம் முடிஞ்சுதுன்னு. இருபத்தெட்டு வருஷம் அதத்தானே பாக்கேன்.

அப்பத்தான் மாடிப்படியில காலடிச் சத்தம்.

நேரா வந்தான்ம்மா. கழுத்துல ஹெட்போன். தாய்மாமா உக்காந்திருந்த நாற்காலி முன்னாடி நின்னான். "எந்திரிங்க"ன்னான். அவரு மிரண்டு எந்திரிச்சுட்டாரு. நாற்காலியத் தூக்கிட்டான்.

நான் விடுவேனா? சட்டுனு சொன்னேன், "கேட்டரிங் பையன். நாற்காலி எடுத்துட்டுப் போக வந்திருக்கான். நேரங்காலம் தெரியாது இவனுகளுக்கு."

அவன் நின்னான். என்னைப் பாக்கல, சுவத்துக் காலண்டரைப் பாத்துச் சொன்னான். "நான் திருமேனி. சங்கரபாண்டியன் மகன். மதியோட அண்ணன். கேட்டரிங் இல்ல."

அதோட விட்டானா? "மாடியில இருக்கணும்னு அம்மா சொன்னா. செண்பகம் அத்தை சொல்லச் சொன்னா. மாடியில நாற்காலி இல்ல. இது என் நாற்காலி."

சங்கரபாண்டியன் "ம்"முன்னாரு. அன்னிக்கு அந்த "ம்" வேற மாதிரி இருந்துச்சு. கோமதி முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டா. மதி அவ அம்மாவைப் பாத்தா, என்னைப் பாத்தா. காப்பித் தட்டைக் கீழ வச்சா. "தலைவலின்னீங்களே அத்தை"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

நான் மாப்பிள்ளை வீட்டுக்காரக மூஞ்சியத்தான் பாத்தேன். டீச்சரம்மா கோவப்படல. அவுக மகனைப் பாக்காக, மகன் அவுகளப் பாக்காரு. தாய்மாமா நின்ன எடத்துலயே நிக்காரு, உக்கார எடமில்லாம. மாப்பிள்ளை எந்திரிச்சாரு. போச்சு, கெளம்பிட்டாக போலன்னு நெனச்சேன்.

"அம்மா, அக்காவை உள்ள வரச் சொல்லட்டுமா?"ன்னாரு.

ஏம்மா, அக்காவுக்கு எங்க காய்ச்சல்? புள்ளைய விட்டுட்டு வர முடியாம கூட்டிட்டு வந்து, ரெண்டு தெரு தள்ளிக் காளியம்மன் கோயில் வேப்பமரத்தடியில காரை நிறுத்தி, ஏசியப் போட்டு ஒக்கார வச்சிருக்காக! ஒரு மணி நேரமா! கூட்டிட்டு வராதீகன்னு நான் சொன்னேன். காருல வச்சுட்டு வாங்கன்னா சொன்னேன்? அத அவுகளாச் செஞ்சது.

வைதேகி புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு வந்தா. ஏழு வயசுப் புள்ள, கால் தொங்குது. அடுப்படியில சாம்பாருக்குப் பருப்புக் குக்கர் கெடந்துச்சு. சரியா அந்த நேரத்துல சீறுச்சு பாருங்க, புள்ள காதைப் பொத்திக்கிட்டு வீல்னு கத்துனா. திருமேனி நாற்காலியக் கீழ வச்சுட்டு விறுவிறுன்னு அடுப்படிக்குப் போனான். அடுப்பை அணைச்சுட்டு வந்தான். "இன்னும் ரெண்டு விசில் வரணும். வராது"ன்னான். புள்ளைகிட்டச் சொன்னானா, சுவத்துகிட்டச் சொன்னானான்னு தெரியல. சொல்லிட்டுத் தன் நாற்காலியில போய் உக்காந்துக்கிட்டான். புள்ள கத்துறதை நிப்பாட்டிட்டு மேசைக்கடியில புகுந்துக்கிட்டா. அன்னிக்குச் சாம்பார்ல பருப்பு வேகவே இல்லம்மா. ஒருத்தரும் அதப் பத்திப் பேசல.

கோமதி குனிஞ்சு மேசைக்கடியில பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் வைதேகிகிட்ட மெதுவாக் கேட்டா. "இவளுக்கும் இப்படித்தானா?"

"ஆமாம்மா, ஆட்டிசம். மூணு வயசுல டாக்டர் சொல்லிட்டாரு. அண்ணனுக்கு எத்தன வயசுல கண்டுபிடிச்சீங்க?"

மதிதான் சொன்னா, "நான் அஞ்சு வருஷமாச் சொல்றேன் அக்கா, அம்மா காதுல வாங்க மாட்டேங்குறா. பேரு வச்சுட்டா அது உண்மையாயிரும்னு பயம்."

வைதேகி கோமதி கையப் புடிச்சுக்கிட்டா. பிறக்கும்போதே அப்படித்தான் அமையுமாம். மூளை வேலை செய்ற விதமே வேறயாம், நம்ம செஞ்சது செய்யாததால வர்றது இல்லையாம். அவ புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல தனியா ஒரு டீச்சர் இருக்காகளாம், படம் காட்டிப் பேசப் பழக்குறாகளாம், வகுப்புல கூடப் படிக்கிற புள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காகளாம். கோமதி எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு, "நாங்க எதுவும் செஞ்சதால வர்றது இல்லையா?"ன்னு மறுபடி கேட்டா. "இல்லம்மா"ன்னா. மூணாவது தடவையும் கேட்டா. அப்புறம் ஒரு அழுகை அழுதா பாருங்க. அழுதுகிட்டே திரும்பி என்னைப் பாத்தா. என்னை எதுக்கு அப்படிப் பாத்தான்னு எனக்கு அப்பப் புரியல. நான் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

அன்னிக்கே தட்டு மாத்தியிருக்கலாம். மதி ஒத்துக்கல. மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேராவே கேட்டா. "ஒரு குழந்தைய ஒரு மணி நேரம் காருக்குள்ள உக்கார வச்சுட்டு எங்க வீட்டுப் பஜ்ஜி எப்படிங்க எறங்குச்சு?"

அவரும் சளைக்கல. "எறங்கல. ஒண்ணுதான் சாப்பிட்டேன். நீங்க மட்டும் அண்ணனை மாடியில..."

"நான் வைக்கல. தெரிஞ்சிருந்தா நானும் மாடியிலதான் இருந்திருப்பேன்."

"எனக்குத் தெரிஞ்சே காருல வச்சேன். தப்புதான்"னாரு அவரு.

அந்த "தப்புதான்"லதான் பொண்ணு விழுந்தான்னு நான் நெனைக்கேன். ஆனா ரெண்டு வாரம் பதிலே சொல்லல. பேசணும்னா தரகர் இல்லாமப் பேசுவோம்னுட்டாளாம். பாத்தீகளா! அவரு ஒரு நாள் அக்காவையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு அவுக வீட்டுக்கு வந்தாராம். திருமேனி உக்காந்திருந்த வராண்டாவுலயே ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தாராம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலையாம். அவரு போனப்புறம் திருமேனி, "இவரு நல்லவரு. பேசல"ன்னானாம். அதுக்கப்புறம்தான் சரின்னா.

ஆவணியில கல்யாணம். மைக் செட் கெடையாது, வெடி கெடையாது. இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு ஊமைக் கல்யாணத்த நான் பாத்ததில்ல. மேளக்காரகளைக் கூப்பிட்டு, கெட்டிமேளம் தாலி கட்டுறப்ப மட்டும்னு மதியே சொல்லிட்டா. மண்டபத்துல ஒரு ரூமுல பாயை விரிச்சு, லைட்டைக் கொறைச்சு, சத்தம் தாங்காதவங்க போய் உக்காரலாம்னு எழுதி ஒட்டியிருந்தாக. பத்து மணிக்குப் பாத்தா மாப்பிள்ளையோட சித்தப்பா மூணு பேரு அங்க குறட்டை விட்டுத் தூங்குறாக.

மாப்பிள்ளை அழைப்புல மச்சினன் மாலை போட்டு வரவேற்கணும்ல? பெரியப்பா மகன் ஒருத்தன் வாட்டசாட்டமா இருந்தான், அவனை விட்டுப் போடச் சொல்லலாம்னு நான் ஒரு யோசனை சொன்னேன். "எனக்கு அண்ணன் இருக்கான்"னா மதி. சரி, என்ன ஆகுதுன்னு பாப்போம்னு நின்னேன்.

திருமேனி பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்தான். காருல இருந்து மாப்பிள்ளை எறங்குனாரு. மாலைய எடுத்து இவன் கையில கொடுத்தாக. ஈரப் பூ, தண்ணி சொட்டுது. அவனுக்கு ஈரம்னா ஆகாது. மொகத்தைச் சுளிச்சான். ரெண்டு விரலால புடிச்சுக்கிட்டு நிக்கான். கூட்டம் பூரா பாக்குது. மாலைய அப்படியே மாப்பிள்ளை கையில நீட்டிட்டான். "ஈரமா இருக்கு. நீங்களே போட்டுக்கோங்க. வாங்க."

மாப்பிள்ளை ஒரு நிமிஷங்கூட யோசிக்கலம்மா. வாங்கித் தானே கழுத்துல போட்டுக்கிட்டாரு. "வந்துட்டேன் மச்சான்"னாரு. யாரோ சிரிச்சாக, அப்புறம் எல்லாரும் சிரிச்சாக. கேலிச் சிரிப்பில்ல. எனக்கு ரெண்டு சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியும்.

இதுல முக்கியமான சங்கதி இனிமேத்தான். பந்தி முடிஞ்சு பீடா எடுக்கப் போனேன். ஒரு அம்மா என் முழங்கையப் புடிச்சு இழுத்து, "எங்க சின்னவனும் இப்படித்தான், பெரியவளுக்கு வரன் பாக்கணும், மறைக்காம சொல்லியே பாருங்க"ன்னாக. அரை மணி நேரத்துல மூணு பேரு! எத்தன வீட்டு மாடியில எத்தன புள்ளைக இருந்திருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. இப்ப நான் ஜாதகத்தோடயே மொத வரியில சொல்லிருறேன், "வீட்டுல ஆட்டிசம் உள்ள புள்ள இருக்கு, சரின்னா மேல பேசுவோம்". வேண்டாம்னு நாலு பேரு போனைத் துண்டிச்சாக. ரெண்டு பேரு, "எங்க வீட்டுலயும்"னாக. எங்க ஊர்ல இந்த வெளிப்படையான பழக்கத்தக் கொண்டு வந்ததே நான்தான்னு வச்சுக்கோங்களேன்.

இவ்வளவு செஞ்சும் கோமதி பேசல. கல்யாணத்தன்னிக்குத் தாம்பூலப் பையைக் கொடுத்தா, கண்ணைப் பாக்கல. தெருவுல எதுக்க வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா. போன வாரம் மனசு பொறுக்காமப் போய்க் கதவைத் தட்டினேன். திருமேனிதான் திறந்தான்.

"அம்மா வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொன்னா. அம்மா அடுப்படியில இருக்கா"ன்னான்.

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. "உங்கம்மாவுக்கு எம்மேல என்னப்பா கோவம்?"ன்னேன். சும்மாதான் கேட்டேன். அவன் நிலைப்படியப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"நீங்க பச்சைச் சேலை கட்டியிருந்தீங்க. அம்மா துணி காயப்போட்டா. அவன் வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய போயிருப்பே, அதான் இப்படிப் பொறந்திருக்கான், உன்னாலதான்னு சொன்னீங்க. நீங்க போயிட்டீங்க. அம்மா குழாயடியில உக்காந்து அழுதா. பக்கெட்டு நெறைஞ்சு வழிஞ்சுச்சு. அம்மா குழாயை மூடல."

எனக்கு அந்தப் பச்சைச் சேலை ஞாபகம் இருக்கும்மா. கிழிஞ்சு கரித்துணியாப் போயி எத்தனையோ வருஷமாச்சு. அப்ப அவனுக்கு ஆறு வயசு. பேச்சு கெடையாது. ஒண்ணும் புரியாதுன்னு நெனச்சு, அவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டேதான் நாங்க எல்லாம் பேசுவோம்.

பொருத்தமா ஒரு வார்த்தை தேடுனேன், வரல. "தப்புதான்ப்பா"ன்னேன்.

"என்கிட்ட இல்ல. அம்மாகிட்டச் சொல்லுங்க"ன்னு கதவை அகலமாத் திறந்து விட்டான்.

கோமதி கிரைண்டர்ல இருந்து மாவு வழிச்சுக்கிட்டிருந்தா. திரும்பல. நான் நின்னுக்கிட்டே சொன்னேன், தப்புதான் கோமதின்னு. மாவை வழிச்சு முடிச்சு, கையக் கழுவிட்டுத்தான் பேசுனா.

"இருபத்துநாலு வருஷம் செண்பகம். எந்தக் கிரகணம் வந்தாலும் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து நெனச்சு நெனச்சுப் பாப்பேன். அன்னிக்கு வெளிய போனேனா, போகலையான்னு. துணி எடுக்கப் போனேனா, கோலத்துக்குப் போனேனான்னு ஒவ்வொண்ணா யோசிப்பேன். நான் போகல. அன்னிக்கு நான் வாசப்படி தாண்டவே இல்ல."

"நீ போகல கோமதி. போயிருந்தாலும் ஒண்ணுமில்ல"ன்னேன்.

அவ மாவுச் சட்டிய மூடி வச்சா. அப்புறம் பலகைய என் பக்கமாக் காலால தள்ளி விட்டா. நான் உக்காந்தேன்.